மை கழுவ எதை வாங்குவது? திருகோணமலைத் திரை அச்சுக்கூடங்களுக்கு ஓர் ஒப்பீடு

உப்புவெளியில் உல்லாசப் பயணிகளுக்கென ரீசேட் அச்சிடும் தம்பி ஒருவரும், நகரத்துக்குள் ஸ்ரிக்கரும் விளம்பரப் பலகையும் செய்யும் இன்னொருவரும், சூடான வறண்ட காற்று வீசும் இந்தக் கச்சான் காலத்தில் ஒரு கிழமை இடைவெளியில் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தனர்: சட்டத்தில் கட்டிய வலைத் திரையூடாக மையைத் தள்ளி அச்சிட்ட பிறகு, திரையில் மிஞ்சும் மையை எதைக் கொண்டு கழுவுவது? முதலாமவரின் கையில் இலைப் படம் போட்ட, மை கழுவும் திரவப் போத்தல் ஒன்று இருந்தது. "அண்ணா, இது தோடம்பழம் மணக்குது, இயற்கையானது எண்டு எழுதியும் இருக்கு. கழுவின தண்ணியைக் கானுக்குள்ள விடலாம்தானே?" என்று கேட்டார். அதே போத்தலின் பின்புறத்தில் சிறியதாக இன்னொரு படமும் இருந்தது: பட்டுப்போன மரமும் செத்துக் கிடக்கும் மீனும். அன்று அவருடைய மேசையில் அச்சாகிக்கொண்டிருந்தவை புறாமலைத் தீவின் பவளப்பாறையும் ஆமையும்.

இரண்டாமவருக்குத் தின்னர் மணத்தால் தலையிடி. சூழலுக்கு உகந்தது என்று விற்கப்பட்ட ஒன்றை அவர் கொழும்பிலிருந்து வரவழைத்துப் பார்த்திருக்கிறார். அவருடைய மையை அது அசைக்கவேயில்லை. ஆகவே இவையெல்லாம் ஏமாற்று வேலை என்ற முடிவுக்கு வந்திருந்தார். உண்மையில் அவர் வாங்கிய பொருளில் குறையில்லை. ரீசேட் மைக்கானதை ஸ்ரிக்கர் மையில் பூசியதே அங்கே நடந்த தவறு.

## எதைக் கொண்டு அளப்பது

முதலாவது அளவுகோல் மை. நம் ஊரில் புழங்குபவை பெரும்பாலும் மூன்று வகை. துணிக்குப் பயன்படும் பிளாஸ்ரிசோல், பீ.வீ.சி. பிசினும் அதை இளக்கும் எண்ணெய் போன்ற பொருளும் சேர்ந்தது. சுமார் 160 பாகை செல்சியஸ் சூடு காட்டும்வரை அது காயாது, திரையில் இரவு முழுவதும் கிடந்தாலும் ஈரமாகவே இருக்கும். நீர் மை காற்றிலேயே காய்ந்துவிடும். ஸ்ரிக்கருக்கும் பிளாஸ்ரிக்குக்கும் பயன்படும் கரைப்பான் மை, தனக்குரிய கரைப்பானைத் தவிர வேறெதற்கும் எளிதில் இளகாது. கழுவும் திரவத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் மைப் பேணியின் பெயரைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

இரண்டாவது, கழுவிய அழுக்கு எங்கே போகிறது என்பது. இதுவே நம் ஊரில் மிகக் கனமான அளவுகோல் என்பது என் கருத்து. தெருக்கானில் விட்டது கடலுக்குப் போகிறது. வளவில் ஊற்றியது மணலுக்குள் இறங்குகிறது. கரையோரத்தில் கிணற்று நீர் சில அடி ஆழத்திலேயே நிற்கிறது. மாரி தொடங்கி நிலத்தடி நீர் மேலெழும் மாதங்களில் அந்த இடைவெளியும் குறைந்துவிடும். குழாய் நீர் கந்தளாயிலிருந்து வந்தாலும் அயல்வீட்டுக் கிணறுகள் இன்னும் பாவனையில் இருக்கின்றன. கழிவுநீர் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரும் நகரங்களை எண்ணி எழுதப்பட்ட "கானில் விடலாம்" என்ற வாசகம் இங்கே செல்லுபடியாகாது. அத்தோடு அந்த வாசகம் போத்தலில் இருக்கும் சுத்தமான திரவத்தைப் பற்றியது. நிறமிகளும் பீ.வீ.சி. பிசினும் அதில் கரைந்த பிறகு, தாவரத்திலிருந்து வந்த திரவமானாலும் கலவை முழுவதும் மைக்கழிவே.

மூன்றாவது வெப்பம். ஒரு திரவத்தின் ஆவி தீப்பொறி பட்டுப் பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலையை அதன் தீப்பற்று நிலை என்பார்கள். கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரைக் கொட்டிலுக்குள் நண்பகலில் 40 பாகையைத் தொடுவது புதினமல்ல. அருகிலேயே ரீசேட் சுடும் ஹீற்றரும் ஓடிக்கொண்டிருக்கும்.

நான்காவது, தோலும் மூச்சும். ஐந்தாவது, செலவு. செலவை லீற்றரில் பார்ப்பதைவிட ஒரு பிரேமை, அதாவது சட்டத்தில் கட்டிய ஒரு திரையை, கழுவப் போகும் அளவில் பார்ப்பதே சரி. தின்னர் ஒரு லீற்றர் 1000 ரூபாய், எஸ்தர் எனப்படும், எளிதில் ஆவியாகாத கழுவும் திரவம் 2500 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பாதி காற்றோடு போய்விடுவதால் பிரேமுக்கு 80 மில்லிலீற்றர் தின்னர் தேவைப்பட்டால் செலவு 80 ரூபாய். ஆவியாகாமல் நிற்கும் எஸ்தரில் 30 மில்லிலீற்றர் போதுமானால் செலவு 75 ரூபாய். உங்கள் கூடத்தின் உண்மையான அளவுகளை ஒரு கிழமை அளந்து இதே கணக்கில் போட்டுப் பார்த்தால் விடை மாறக்கூடும். ஆனால் போத்தலின் விலைச்சீட்டு மட்டும் அந்த விடையைத் தராது.

| தெரிவு | பொருந்தும் மை | தீப்பற்று நிலை | ஆவியாகும் வேகம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| மண்ணெண்ணெய் | பிளாஸ்ரிசோல் | 38 பாகையும் அதற்கு மேலும் | நடுத்தரம் | தோல் வெடிப்பு, திரையில் எண்ணெய்ப் பசை |
| தின்னர் | கரைப்பான் மை | அறை வெப்பநிலைக்கு மிகக் கீழ் | மிக வேகம் | காற்றில் போகும் பங்கு, தலையிடி, தீ |
| தோடம்பழ எண்ணெய் | பிளாஸ்ரிசோல், சில கரைப்பான் மைகள் | சுமார் 48 பாகை | மெதுவு | ஒவ்வாமை, நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு |
| தாவர எண்ணெய் எஸ்தர் | பிளாஸ்ரிசோல் | 100 பாகைக்கு நன்கு மேல் | ஏறத்தாழ இல்லை | கழுவி எடுக்க வேண்டிய எண்ணெய்ப் படலம் |
| டைபேசிக் எஸ்தர் | கரைப்பான் மை, புறஊதா ஒளியில் இறுகும் மை | சுமார் 100 பாகை | மிக மெதுவு | விலை, பிரேமின் பசை இளகுதல் |
| நீரும் சவர்க்கார நீர்மமும் | நீர் மை | பற்றாது | பொருந்தாது | தண்ணீரின் அளவு, திரையில் காய்ந்த மை |

## மண்ணெண்ணெயும் தின்னரும்

மாற்றுப் பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் மாற்றப்படப் போவதற்கும் அதன் நியாயத்தைக் கொடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் மீன்பிடி ஊரில் வழமையாகக் கைக்கெட்டிய பொருள். பிளாஸ்ரிசோலை நன்றாகவே எடுக்கும். தின்னரைப்போல நொடியில் பற்றுவதும் இல்லை. 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறும்வரை அதற்குப் போட்டியாக விலையில் எதுவும் நிற்க முடியவில்லை. அந்த ஏற்றத்தோடு கணக்கு மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. அது தோலின் எண்ணெயை இழுத்து வெடிக்கச் செய்வதும், 38 பாகையிலேயே பற்றக்கூடியதாக இருப்பதும் கச்சான் காலத்தில் சிறிய விடயங்களல்ல.

பெற்றோலால் திரை துடைப்பதை இந்த ஒப்பீட்டிலேயே நான் சேர்க்கவில்லை. புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன் அதில் இருக்கிறது, நீரின் உறைநிலைக்கு வெகு கீழேயே அதன் ஆவி பற்றும்; அவசரத்துக்கென்றாலும் செய்யக்கூடாத வேலை அது.

தின்னரின் நிலை வேறு. அதிலுள்ள தொலுயீன் 4 பாகையிலும் அசற்றோன் -20 பாகையிலும் பற்றக்கூடியவை. தலையிடியும் கிறுகிறுப்பும் தொலுயீன் நரம்பு மண்டலத்தைத் தொடுவதன் அடையாளங்கள். ஆனாலும் கரைப்பான் மையை அச்சுக்கு நடுவில் விரைவாகத் துடைத்துத் திரையின் கண்களைத் திறக்க அதைப்போல வேலை செய்யும், சூழலுக்கு உகந்த பொருள் ஒன்றை நான் இதுவரை பயன்படுத்திப் பார்த்ததில்லை. ஸ்ரிக்கர்காரருக்கு நான் சொன்னது, தின்னரை முற்றாக விடச் சொல்லியல்ல. நடுத்துடைப்புக்கு மட்டும், மூடியுள்ள சிறு பேணியிலிருந்து, தேவையான அளவுக்கு மட்டும் எடுக்கச் சொல்லியே.

## தோடம்பழ எண்ணெய்

தோடம்பழத் தோலிலிருந்து எடுக்கப்படும் லிமோனீன் என்ற பொருளே இந்தப் போத்தல்களின் உயிர். கரைக்கும் வலிமையில் அது மண்ணெண்ணெயைவிட மிகவும் மேல்; பழச்சாறு பிழியும் தொழிற்சாலைகளில் மிஞ்சும் தோலிலிருந்து வருவதால் பெற்றோலியத்தைத் தோண்ட வேண்டியதும் இல்லை. மணம் பிடித்தமானது. வாடிக்கையாளர் உள்ளே வரும்போது மூக்கைப் பொத்துவதில்லை என்பதும் ஒரு கடைக்காரருக்குப் பெரிய விடயம்தான்.

சிக்கல்கள் மணத்துக்குப் பின்னால் இருக்கின்றன. காற்றுப்பட்ட லிமோனீன் ஒட்சியேற்றம் அடைந்து, தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் சேர்வைகளாக மாறுகிறது. புதிதாகத் திறந்த போத்தலால் ஒன்றும் ஆகாத கைக்கு, பாதி தீர்ந்து வெயில் பட்ட அலமாரியில் ஆறு மாதம் கிடந்த போத்தல் தடிப்பைக் கொடுக்கும். எனது இடக்கையின் மணிக்கட்டில் தொடங்கிய அந்தத் தடிப்பு, போத்தலை மாற்றிய பிறகும் முழுமையாக விடவில்லை. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் உடல் அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. வாங்குவதானால் சிறிய கொள்கலன்களாக வாங்கி, நிழலில், மூடி இறுக வைத்து, நைற்றைல் கையுறையோடு பயன்படுத்த வேண்டும். சாதாரண இறப்பர் கையுறை இதற்குத் தாங்காது.

அடுத்தது அந்தச் செத்த மீன் படம். இரசாயனப் பொருட்களின் அபாயத்தைக் காட்டும் உலகப் பொது அடையாளங்களில் அது நீர்வாழ் உயிர்களுக்கான எச்சரிக்கை. லிமோனீன் அவ்வகையில் மிகக் கடுமையான தரத்தில் வைக்கப்பட்டுள்ளது. எளிதில் சிதையும் என்று அதே போத்தல் சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னாலுள்ள வழமையான சோதனை, நுண்ணுயிர்கள் கலந்த நீரில் 28 நாட்களுக்குள் குறைந்தது 60 சதவீதம் சிதைகிறதா என்று பார்ப்பது. கானிலிருந்து கடற்கரைக்குப் போக 28 நாட்கள் எடுப்பதில்லை. இயற்கையில் இருந்து வந்ததெல்லாம் மீனுக்கு இதமாக இருக்கும் என்பது நஞ்சுக் கிழங்கையும் தின்னலாம் என்பது போன்ற வாதம்.

இது சிறந்த தெரிவாவது எப்போது என்றால், பழைய பிளாஸ்ரிசோல் கறை திரையில் இறுகிப்போய் வேறெதற்கும் அசையாதபோது, காற்றோட்டமுள்ள இடத்தில், துணியில் எடுத்துத் தேய்க்கும் சிறு அளவு வேலைக்கு. அன்றாடக் கழுவலுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை.

## தாவர எண்ணெய் எஸ்தர்

சோயா எண்ணெயிலிருந்து செய்யப்படும் மெதைல் எஸ்தரே இவ்வகைப் போத்தல்களில் பெரும்பாலும் இருப்பது. பயோடீசல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வேதியியலில் இது அதன் உடன்பிறப்பு. மணம் மிகக் குறைவு, கொட்டிலின் வெப்பம் அதைப் பற்றவைக்கும் அளவுக்கு அருகிலும் வராது, மூச்சுக்குள் போகும் ஆவியும் இல்லாத அளவு குறைவு. பிளாஸ்ரிசோலோடு அதற்கு இயல்பான பொருத்தம் உண்டு, ஏனெனில் அந்த மையே எண்ணெய் போன்ற ஒரு பொருளால்தான் இளகிய நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. வேலை மெதுவாகத்தான் நடக்கும்: பூசி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பிறகு துடைக்க வேண்டும். தின்னருக்குப் பழகிய கைகள் இந்த இரண்டு நிமிடத்தைப் பொறுக்காமல் மேலும் மேலும் ஊற்றுவதுதான் இது விலை கூடியது என்ற பெயர் வாங்கக் காரணம்.

மறைந்திருக்கும் செலவு படலம். துடைத்த திரையில் மெல்லிய எண்ணெய் மிஞ்சும். அதைச் சவர்க்கார நீர்மத்தால் நன்றாக எடுக்காமல் மறுநாள் எமல்ஷன் (படத்தைத் திரையில் பதிக்க உதவும் ஒளியுணர் பூச்சு) பூசினால் ஊசிமுனைத் துளைகளும் மீன்கண் போன்ற வட்டங்களும் வரும், ஒரு திரை முழுவதும் திரும்பச் செய்ய வேண்டியதாகிவிடும். ஆகவே எஸ்தர் வாங்குபவர் அதன் விலையோடு எண்ணெய் நீக்கும் நீர்மத்தின் விலையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கரையோரக் கிணறுகளின் கடின நீரில் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் படிவாகத் திரையில் ஒட்டிக்கொள்வதால், பாத்திரம் கழுவும் திரவ வகையே மேல். கடைசி அலசலை மட்டுமாவது குழாய் நீரில் செய்யலாம்.

எஸ்தர் கிடைக்காதபோது தேங்காயெண்ணெய் உதவுமா என்றும் கேட்கிறார்கள். உதவும். முதல் துடைப்புக்கு எந்தச் சமையல் எண்ணெயும் பிளாஸ்ரிசோலை ஓரளவு இளக்கும். ஆனால் படலம் எஸ்தரைவிடத் தடிப்பாக இருக்கும், நுண்ணிய கண்ணுள்ள திரையில் மூலைகளில் மை மிஞ்சும். பெரிய எழுத்து, ஒரே நிறம், இல்ல விளையாட்டுப் போட்டி ரீசேட் போன்ற வேலைகளுக்கு அது போதும். விடுதிகளின் பொரித்த எண்ணெயை வாங்கி வீட்டிலேயே எஸ்தர் செய்யலாம் என்று ஒருவர் ஆர்வத்தோடு சொன்னார். அதற்கு மெதனோலும் எரிசோடாவும் வேண்டும், இரண்டுமே தின்னரைவிட ஆபத்தானவை என்பதால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

துடைத்த பழஞ்சீலைகளைப் பற்றியும் ஒரு சொல். காற்றுப்பட்டு இறுகும் இயல்புள்ள எண்ணெய்கள் தோய்ந்த துணிகள் குவியலாகக் கிடந்தால் உள்ளேயே சூடேறித் தானாகப் பற்றக்கூடும். ஆளி விதை எண்ணெய் இதற்குப் பேர்போனது. சோயா வகைக்கும் அந்த இயல்பு குறைந்த அளவில் உண்டு. மூடியுள்ள தகர வாளி ஒன்று போதும்.

## டைபேசிக் எஸ்தர்

ஸ்ரிக்கர்காரர் தேட வேண்டியிருந்தது இதைத்தான். கரைக்கும் வலிமை தின்னருக்கு நிகர், தீப்பற்று நிலை சுமார் 100 பாகை, ஆவி மிகக் குறைவு. தாவரப் பொருளல்ல, ஆனால் கொட்டிலுக்குள் நின்று வேலை செய்பவருக்குத் தின்னரோடு ஒப்பிட்டால் பெரிய ஆறுதல். நாள் முடிவில் திரையை முழுமையாகக் கழுவுவதற்கு ஏற்றது. அச்சுக்கு நடுவில் துடைப்பதற்கு ஏற்றதல்ல, மெதுவாகவே காய்வதால் அடுத்த சில பிரதிகளில் மை நீர்த்து ஓடும். மூடிய அறையில் அதிகம் பயன்படுத்தினால் பார்வை சற்று மங்குவதாகச் சொல்பவர்கள் உண்டு என்பதால் கதவைத் திறந்து வைக்க வேண்டும். மெஷ்ஷை மரச்சட்டத்தில் ஒட்டிய பசையையும் இது இளக்கிவிடக்கூடும். கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோமீற்றர் தூரம் கொண்டுவரும் கூலியைச் சேர்த்தால் ஒருவர் தனியாக வாங்குவது கட்டாது; இரண்டு மூன்று கூடங்கள் சேர்ந்து வாங்கலாம்.

## நீரும் நீர் மையும்

மிகச் சுத்தமான கழுவும் பொருள் தண்ணீர் என்று சொல்லி, நீர் மைக்கு மாறிவிடுவதே தீர்வு என்பவர்கள் பாதி சரி. மை ஈரமாக இருக்கும்போது ஸ்பொன்சும் வாளித் தண்ணீரும் சிறிது சவர்க்கார நீர்மமும் போதும். தீப்பற்றும் கவலையும் கிடையாது. ஆனால் கச்சான் காற்றில் நீர் மை திரையிலேயே சில நிமிடங்களில் இறுகும். இறுகிய பிறகு தண்ணீர் அதைத் தொடாது; அப்போது தேவைப்படும், அடைபட்ட திரைக் கண்களைத் திறக்கும் திறப்பான் வகைகளில் கிளைக்கோல் ஈதர்கள் இருப்பதுண்டு, அவற்றில் சில தோல் வழியாக உடலுக்குள் போகக்கூடியவை. தண்ணீர் தெளிக்கும் போத்தலை மேசையிலேயே வைத்திருப்பதும், காலையிலும் மாலையிலும் அச்சிடுவதும் எந்தத் திறப்பானைவிடவும் மலிவு. நீருக்குத் தாங்கும் எமல்ஷனும் வாங்க வேண்டியிருக்கும்.

கழுவிய நீரில் நிறமியும் அக்கிரிலிக் பிசினும் இருக்கின்றன என்பதையும் மறக்கக்கூடாது. அதை இரண்டு வாளிகளில் மாற்றி மாற்றித் தெளியவிட்டு, அடியில் படியும் சேற்றைக் காயவைத்துத் தனியே எடுப்பது, கானில் விடும் அழுக்கைப் பெருமளவு குறைக்கும். கோவில் திருவிழாவுக்கும் துணிப் பைகளுக்கும் பருத்தியில் அச்சிடுபவருக்கு இதுவே என் முதல் தெரிவு. கறுப்பு ரீசேட்டில் வெள்ளை மையை அடர்த்தியாகப் போட வேண்டியவருக்குப் பிளாஸ்ரிசோலை விடுவது கடினம்.

## எல்லாத் தெரிவுக்கும் பொதுவானவை

எந்தப் போத்தலை வாங்கினாலும், அதற்கு முன் திரையில் எஞ்சிய மையை அட்டைத் துண்டாலோ பிளாஸ்ரிக் கரண்டியாலோ வழித்துப் பேணிக்குள் போடுவதுபோல லாபமான வேலை வேறில்லை. மையும் மீள்கிறது, கழுவும் திரவமும் பாதியாகிறது. பயன்படுத்திய திரவத்தை மூடிய பேணியில் இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்தால் மை அடியில் இறங்கும். மேலே தெளிந்ததை மறுபடி முதல் துடைப்புக்கு எடுக்கலாம்.

அடியில் மிஞ்சும் சேற்றை வளவில் புதைக்க முடியாது. 2008 ஆம் ஆண்டின் 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானி அபாயகரக் கழிவுகளைக் கையாளும் விதிகளை வகுத்தது. இவ்வகைக் கழிவுகளை இந்நாட்டில் புத்தளத்துச் சீமெந்து உலையில் எரிக்கும் வழியும் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு பரல்கூட நிரம்பாத சிறு கூடம் தனியே அனுப்ப முடியாதென்றாலும், பல கூடங்கள் ஒரே இடத்தில் சேர்த்து, பெயரும் திகதியும் ஒட்டி வைத்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அலுவலகத்தில் வழி கேட்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எமல்ஷனுக்கு ஒளியுணர்வூட்ட இன்னும் பைக்குரோமேற்று கலக்கும் கூடமொன்றில் மை கழுவும் திரவத்தின் பசுமையைப் பற்றி விவாதிப்பது வீண் வேலை. அதிலுள்ள ஆறு வலுவளவுக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்குவது. திரையை ஒளிபட வைத்துக் கழுவும்போது அது நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. குரோமியமில்லாத டயசோ வகை ஒளியுணர்வூட்டிக்கு மாறுவதே அங்கே முதல் வேலை, கழுவும் திரவம் அதற்குப் பிறகு.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது பாதுகாப்புத் தரவுத் தாள். அதில் இரண்டாம் பகுதி அபாயங்களையும், மூன்றாம் பகுதி உள்ளடக்கத்தையும், ஒன்பதாம் பகுதி தீப்பற்று நிலையையும், பன்னிரண்டாம் பகுதி நீருக்கும் மண்ணுக்கும் நேர்வதையும் சொல்லும். தாளைத் தர மறுக்கும் இடத்தில் இலைப் படத்தை நம்பி 20 லீற்றர் வாங்க வேண்டாம்.

உப்புவெளித் தம்பி இப்போது ஒரு லீற்றர் சோயா எஸ்தரைப் பழைய மரப் பிரேம் ஒன்றில் சோதித்துக்கொண்டிருக்கிறார். கழுவி, எண்ணெய் எடுத்து, காயவிட்டு, மறுநாள் எமல்ஷன் பூசி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளைகளை எண்ணுகிறார். முதல் பிரேமில் பதினொன்று இருந்தன. சவர்க்கார நீர்மத்தை இருமுறை போட்ட அடுத்த பிரேமில் இரண்டு. தோடம்பழப் போத்தல் அலமாரியின் மேல்தட்டில், இறுகிய கறைகளுக்காக, நிழலில் நிற்கிறது.